சுருக்கெழுத்தும் தொழிலின் மதிப்பும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நம்மில் பலருடைய குடும்ப வரலாறு ஒரு டைப்ரைட்டரிலிருந்து தொடங்குகிறது. பள்ளிப் படிப்பை முடித்து, ஊரிலேயே தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, அன்றைய பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய இளைஞர் எத்தனை பேர்! மாதுங்காவும் கரோல்பாகும் அவர்களுக்குப் புகலிடமாயின.

அத்தொழிலுக்கு அன்று மதிப்பு வந்தது எவ்வாறு? 1837-ஆம் ஆண்டில் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை, பேசுவோரின் வேகத்திற்கு ஈடுகொடுத்து எழுத வகை செய்தது. நீண்ட பயிற்சியால் மட்டுமே கைவரும் அத்திறமை அரிதாயிருந்தது. ஆகவே அதற்கு நல்ல விலை இருந்தது. 1955-ல் கோத்ரெஜ் நிறுவனம் இந்நாட்டிலேயே டைப்ரைட்டரைச் செய்து வெளியிட்டது.

பின்னர் கணினி வந்தது. அதிகாரிகள் தம் கடிதங்களைத் தாமே அடித்துக்கொள்ளலாயினர். 1990-களில் இத்தொழில் வேறோர் உருவம் கொண்டது. அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்த குறிப்புகள் தொலைத்தொடர்பு வழியே இந்திய நகரங்களை வந்தடைந்தன. அங்கே இரவு கழியுமுன் இங்கே அவை எழுத்தாயின. முன்னர் தொழிலாளி வேலையைத் தேடிச் சென்றான். இப்போது வேலை அவனைத் தேடி வந்தது. ஆனால் குறைந்த கூலியை நாடி வந்த வேலை, கூலியே கேளாத பொறியையும் நாடுமன்றோ? இன்று பேச்சைக் கேட்டு எழுதும் பணியைப் பெரும்பாலும் கணினியே செய்துவிடுகிறது. அதைச் சரிபார்ப்பதே மனிதர் பங்காகி வருகிறது.

அப்பங்கு சிறியதா? மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால், நோயாளி உட்கொள்ளும் மருந்து பத்து மடங்காகிவிடும். அப்பிழையைக் கண்டு நிறுத்துபவரின் ஊதியம் குறையலாம், பொறுப்பு குறைவதில்லை. சந்தை அருமையை நோக்கி விலை வைக்கிறது. சமூகமோ பயனை நோக்கி மதிப்பளிக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான், வேலை இழந்தவர் தாமும் மதிப்பிழந்ததாக எண்ணி மனம் குன்றுகிறார்.

ஒரே தொழில் ஆயுள் முழுவதும் காக்குமென்று இனி நம் மக்களுக்கு நாம் உறுதி கூற இயலாது. நடுவயதில் புதியதொரு தொழிலைக் கற்பதற்கான வாய்ப்பும், கற்கும் காலத்தில் குடும்பம் நடத்துவதற்கான உதவியும் கிடைத்தல் வேண்டும். பொறியால் இலாபம் அடைவோர் அச்செலவில் பங்கேற்பதே முறை. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டைப்ரைட்டரைப் பயனற்றதென்று நாம் சொல்லலாம். அதைக் கொண்டு நம்மைப் படிக்கவைத்தவரின் உழைப்பை அவ்வாறு சொல்லலாகாது.