மின்னஞ்சல் குவியலும் ஆசிரியரின் அமானிதமும்

கடந்த வருடம் எனது வகுப்பு மாணவி ஒருவர் கட்டுரைப் போட்டியொன்றில் பங்குபற்றும் வாய்ப்பை இழந்தார். தவறு என்னுடையது. விண்ணப்பப் படிவம் எனது மின்னஞ்சலுக்கு உரிய காலத்தில் வந்திருந்தது. இருநூறுக்கும் அதிகமான திறக்கப்படாத கடிதங்களுக்குள் அது கிடந்ததால், நான் காணும்போது முடிவுத் திகதி கடந்து நான்கு நாட்கள். "பரவாயில்ல சேர்" என்றார் அந்தப் பிள்ளை. அந்த வார்த்தைதான் இதை எழுதச் செய்தது.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் எமக்குக் கைகொடுத்தன. பாடசாலைகள் திறந்த பின்னரும் அவை எம்மை விடவில்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என எங்கு கேட்டாலும் ஆசிரியர்களின் முறைப்பாடு ஒன்றுதான். சுற்றுநிருபம், தரவுப் படிவம், கூட்ட அழைப்பு, நிகழ்வுப் படங்கள், விளம்பரம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்து விழுகின்றன.

ஏன் இந்த நிலை? முன்னர் ஒரு கடிதம் அனுப்ப முத்திரையும் உறையும் தேவைப்பட்டன. தபால்காரரும் நாளுக்கு ஒரு முறைதான் வருவார். 1971இல் ரே டொம்லின்சன் கணினி வலையமைப்பு வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பிய நாளிலிருந்து அந்தத் தடைகள் படிப்படியாக நீங்கின. இன்று நூறு பேருக்கு அனுப்புவதும் ஒருவருக்கு அனுப்புவதும் ஒரே வேலைதான். அனுப்புபவருக்குச் செலவில்லை, பெறுகின்ற நூறு பேரும் தமது நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 124 பேர் ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை மாத்திரம் மின்னஞ்சல் பார்த்தார்கள். மற்றொரு வாரம் விரும்பியபடியெல்லாம் பார்த்தார்கள். மட்டுப்படுத்திய வாரத்தில் அவர்களின் மன அழுத்தம் குறைந்திருந்தது.

இது எமக்குப் புதிய பாடமல்ல. நாளை ஐந்து வக்துகளாகப் பிரித்து வாழப் பழகியவர்கள் நாம். எமது வாவியில் இரவு வலை போட்டவர் நிமிடத்துக்கொரு தடவை போய் அதைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நானும் இப்போது மூன்று நேரங்களை ஒதுக்கியிருக்கிறேன்: பாடசாலை ஆரம்பிக்க முன் பத்து நிமிடம், லுஹருக்குப் பின், அஸருக்குப் பின். பாடவேளையில் கைத்தொலைபேசி பைக்குள் இருக்கும். அந்த நேரம் மாணவர்களுடையது. அது எம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

திறந்தவுடன் கடிதங்களை மூன்றாகப் பிரிக்கிறேன். இரண்டு நிமிடத்தில் பதிலளிக்கக்கூடியதற்கு உடனே பதில். திகதியுள்ளவற்றின் திகதியை நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். மற்றவை வாசித்ததும் அழிக்கப்படும் அல்லது கோப்புக்குப் போகும். தேவையற்ற விளம்பரக் கடிதங்களின் சந்தாவை ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட் இடம். கூகுளில் சேமிக்கும் படங்களும் வீடியோக்களும் அதே இடத்தைத்தான் பிடிக்கின்றன. அது நிரம்பினால் புதிய கடிதம் எதுவும் வராது.

ஆனால் பெறுபவர் மட்டும் திருந்தினால் போதாது. அதிபர்களும் அதிகாரிகளும் பள்ளிவாசல், சங்க நிர்வாகிகளும் அனுப்பும் முன் சற்று யோசிக்க வேண்டும். தலைப்பிலேயே விடயத்தையும் முடிவுத் திகதியையும் எழுதுங்கள். "நன்றி" என்ற ஒரு சொல்லை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். உண்மையில் அவசரமென்றால் தொலைபேசியில் அழையுங்கள். இரவு பத்து மணிக்கு எழுதினாலும், காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. பிரான்ஸில் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றி ஊழியர்களுடன் பேச வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. எமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பாடசாலை தனக்குள் பேசி முடிவெடுத்தாலே போதும்.

அல்லாஹ் காலத்தின் மீது சத்தியமிட்டு ஒரு ஸூராவையே அருளியிருக்கிறான். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் நட்டமடைகின்ற இரு அருட்கொடைகள் என்ற கருத்திலான நபிமொழி புகாரியில் பதிவாகியிருக்கிறது. எமது நேரம் வீணானால் நட்டம் எம்மோடு நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு பிள்ளையின் வாய்ப்பும் சேர்ந்து போகலாம். இவ்வருடம் அந்த மாணவிக்குரிய போட்டித் திகதிகள் எனது நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், இம்முறை அவை தவறாது.