டாக்கா - வேலூர் பயணத் தொலைவு

டாக்கா - வேலூர் பயணம் என்பது வங்காளதேசத் தலைநகரிலிருந்து தமிழ்நாட்டின் வேலூருக்கு, பெரும்பாலும் மருத்துவ சிகிச்சை நாடி மேற்கொள்ளப்படும் பயணமாகும். 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரியே இதற்குக் காரணம். அதனைச் சுற்றியுள்ள விடுதிகளில் வங்காள மொழிப் பெயர்ப்பலகைகளைக் காணலாம்.

இரு நகரங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 1,700 கி.மீ. ஆகும். விமானத்தில் வருவோர் சென்னையில் இறங்குகின்றனர். டாக்கா - சென்னை வான்வழித் தொலைவு சுமார் 1,620 கி.மீ.; இடைநில்லா விமானம் இதை ஏறத்தாழ இரண்டரை மணிநேரத்தில் கடக்கும். வங்காளதேச நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முந்தியது. எனவே டாக்காவில் காலை 10:00 மணிக்குப் புறப்படுபவர் சென்னைக் கடிகாரப்படி 12:00 மணிக்கே இறங்குவார்; திரும்பும்போது இதே பயணம் மூன்று மணிநேரமாகத் தோன்றும். சென்னையிலிருந்து வேலூருக்கு எஞ்சிய சுமார் 140 கி.மீ. சாலைப் பயணம் மூன்று மணிநேரம் வரை எடுக்கும். அதாவது விமானத்தில் கழித்த நேரத்துக்குக் குறையாத நேரம் சாலையிலும் கழிகிறது. நோயாளிகளுக்குக் கடினமான பகுதியும் இதுவே.

செலவைக் கருதுவோர் பெனாப்போல் - பெட்ராப்போல் எல்லையைத் தரைவழியே கடந்து, கொல்கத்தாவை அடுத்த ஹவுராவிலிருந்து தொடர்வண்டியில் காட்பாடி சந்திப்பை அடைகின்றனர். தொடர்வண்டித் தொலைவு மட்டும் ஏறத்தாழ 1,800 கி.மீ.; ஒரு நாளுக்கும் மேலாகும்.

எவ்வழியாயினும் நுழைவிசைவு (விசா) தேவை. 2024 ஆகஸ்டில் வங்காளதேசத்தில் ஆட்சி மாறிய பின் இந்தியா இதன் வழங்கலைப் பெரிதும் குறைத்ததால், நோயாளிகள் பலரின் சிகிச்சை தள்ளிப்போனது.