பீப்பாய்க்குப் பந்தயம்!

2050-ல் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் என்ன விலை? 'கிளி ஜோசியரைக் கேளுங்க பாஸ்!'னு நீங்க நழுவிடலாம். ஆனா, மின் நிலையம் கட்டறவங்க நழுவ முடியாது. அது 25, 30 வருஷம் ஓடணும். அத்தனை வருஷத்து எரிபொருள் விலையையும் இன்னிக்கே கணக்குல எழுதியாகணும். பழைய புள்ளிவிவரம் மட்டும் இதுக்குப் போதாது. அதனால, நிபுணர்களைக் கேட்கறாங்க.

சரி, நிபுணர் சொன்னா நடந்துடுமா?

மேத்யூ சிம்மன்ஸ், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து முதலீட்டு வங்கியாளர். சவுதி எண்ணெய் வயல்களை அலசி ஒரு புத்தகமே எழுதினவர். '2010-ல் பீப்பாயின் சராசரி விலை, 2005-ம் வருஷ டாலர் மதிப்பில் 200-ஐத் தாண்டும்'னு 2005-ல் பந்தயம் கட்டினார். எதிர்த்து நின்றவர் ஜான் டியர்னி என்ற பத்திரிகையாளர். பந்தயம், தரப்புக்கு 5,000 டாலர்!

அப்போ விலை சுமார் 65 டாலர். 2008 ஜூலையில் 147-ஐத் தொட்டதும், 'சிம்மன்ஸ் ஜெயிச்சிடுவார் போல'ன்னு தோணியிருக்கும். அதே டிசம்பரில் 40-க்கும் கீழே விழுந்துடுச்சு. 2010-ன் சராசரி, 2005 மதிப்பில் சுமார் 71 டாலர்தான். அந்த ஆகஸ்ட்டில் சிம்மன்ஸ் இறந்துட்டார். பணத்தை அவர் தரப்பினர் கொடுத்தாங்க.

அவர் விவரம் தெரியாதவர் இல்லீங்க. அவர் ஆராய்ந்தது எண்ணெய்க் கிணறுகளை. 2008-ல் விலையைக் கவிழ்த்ததோ, அமெரிக்க வீட்டுக் கடனில் ஆரம்பிச்ச பொருளாதாரச் சரிவு!

அப்போ நிபுணர்களே வேண்டாமா? வேணும். ஆனா, கேட்கற விதத்துல கேட்கணும். 1950-களில் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் உருவாக்கின 'டெல்ஃபி' முறை இதுக்கு ஒரு வழி. நிபுணர்களை ஒண்ணா உட்காரவைக்காம, தனித்தனியா எழுதி வாங்குவாங்க. யார் எழுதினதுன்னு சொல்லாம, எல்லா பதிலையும் காரணத்தையும் எல்லாருக்கும் காட்டி, 'இப்போ மாத்திக்கறீங்களா?'ன்னு மறுபடி கேட்பாங்க. பெயர் எதுக்கு மறைக்கணும்? ஹெச்.ஓ.டி. ஒண்ணு சொன்னா மொத்த டிபார்ட்மென்ட்டும் தலையாட்டும்ல... அதைத் தவிர்க்கத்தான்!

இன்னொரு சூட்சுமம்... ஒரே நம்பர் கேட்கக் கூடாது. 'ரொம்பக் குறைஞ்சா எவ்வளவு, ரொம்ப ஏறினா எவ்வளவு?'ன்னு முதல்ல கேட்டுட்டு, அப்புறம்தான் நடுவிலுள்ள விலையைக் கேட்கணும். நடு விலையை முதல்ல சொல்லிட்டா, மனசு அதையே சுத்திச் சுத்தி வரும்.

ஆனாலும், எல்லாரும் ஒத்துப்போறதாலேயே அது உண்மையாகிடாது. 1980-களின் தொடக்கத்தில் பல நிபுணர்கள், விலை ஏறிட்டேதான் போகும்னு நம்பினாங்க. 1986-ல் அது கிட்டத்தட்ட 10 டாலருக்குச் சரிஞ்சது.

அதனால ஃப்ரெண்ட்ஸ், உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல '20 வருஷம் கழிச்சு யூனிட் விலை இவ்வளவு'ன்னு ஒத்தை நம்பரைப் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: எவ்வளவு குறையலாம்? எவ்வளவு ஏறலாம்? ஏன்? ரெண்டு எல்லையிலும் உங்க திட்டம் நஷ்டமில்லாம நின்னா, தைரியமா வைவாவுக்குப் போங்க!