லண்டன் அலமாரிக்குள் ஒரு மதகு

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவனுக்குச் சத்தம் காதில் விழாது. சத்தம் மாறினால்தான் விழும். நாடா ஒருமுறை இடறினால் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தாத்தாவும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அந்தக் காதோடுதான் ஒரு குளிர்காலத்தில் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு, தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் ‘ர்ர்ர்’ என்று கால் நிமிஷம் ஓர் அரைப்பு. எட்டு மணிக்கு அதே இடத்திலிருந்து ‘டக்’.

“அது ஒண்ணுமில்ல மாமா, ஹீட்டிங் வால்வு” என்றார் மருமகன். ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதன் தினமும் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த வால்வு என்ன, அதைவிட அமைதியானது கிடைக்குமா என்று துருவ ஆரம்பித்தேன். பிள்ளைகளைக் குளிர்நாட்டில் வைத்திருப்பவர்களுக்கும், அங்கேயே இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

அங்கே வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் வெந்நீர். கேஸ் பாய்லர் தண்ணீரைக் காய்ச்சும். பம்பு அதைக் குழாய் வழியே அறைக்கு அறை தள்ளும். சுவரோரத்து ரேடியேட்டரில் சூட்டை விட்டுவிட்டு ஆறின தண்ணீர் பாய்லருக்கே திரும்பும். வீட்டில் எல்லா இடத்துக்கும் எல்லா நேரமும் சூடு வேண்டியதில்லை. மாடிக்கு ஒரு வழி, கீழ்த்தளத்துக்கு ஒரு வழி, குளிக்கும் தண்ணீர் சிலிண்டருக்கு ஒரு வழி என்று பிரித்திருப்பார்கள். 150 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் குறைந்தது இரண்டு பிரிவாவது வேண்டும் என்பது அந்நாட்டுக் கட்டட விதிகளின் வழிகாட்டல். ஒவ்வொரு வழியின் தலையிலும் உட்கார்ந்திருப்பதுதான் ஜோன் வால்வு.

ஏரிப் பாசனம் தெரிந்தவருக்கு இது புதிதே இல்லை. ஏரிக்கு மதகுகள் உண்டு; ஒவ்வொரு மதகுக்கும் கீழே இன்னின்ன வயல் என்று கணக்கு உண்டு; எதை எப்போது திறப்பது என்று பார்க்க நீர்க்கட்டி உண்டு. பிள்ளையார்பாளையத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் உள்ள உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுப் பராந்தகன் கல்வெட்டே ஏரி வாரியம் பற்றிப் பேசுகிறது. லண்டன் வீட்டில் பாய்லர்தான் ஏரி, வால்வு மதகு, சுவரில் ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் நீர்க்கட்டி. மதகு முழுதாகத் திறந்ததும் உள்ளே ஒரு சின்ன சுவிட்சு தட்டும். ‘திறந்தாச்சு, தண்ணியை விடு’ என்று பாய்லருக்கும் பம்புக்கும் சேதி போகும்.

இந்த மதகு எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்பதில்தான் சத்தமும் மின்செலவும் அடங்கியிருக்கின்றன. பிரிட்டன் வீடுகளில் மிகப் பரவலாக இருப்பது ஸ்பிரிங் வால்வு. ஒரு குட்டி மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றி, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். அதற்குப் பதினைந்து நொடிபோல ஆகும். என்னை எழுப்பிய ‘ர்ர்ர்’ அதுதான். திறந்தபின் மோட்டார் ஓய்வெடுப்பதில்லை. மின்சாரம் வாங்கிக்கொண்டே, சுழல முடியாமல் ஸ்பிரிங்கைப் பிடித்து நிற்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் சில நொடிகளில் இழுத்து மூடிவிடும். ‘டக்’ அங்கேதான் வருகிறது.

இந்த மோட்டார் எடுப்பது ஆறு வாட் அளவு. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் லேபிளில் வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வாட் எவ்வளவு நேரத்துக்கு என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருஷத்தில் 200 நாள் திறந்திருந்தால் 1,600 மணி. ஆறால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 9.6 யூனிட். நம் வீட்டு 75 வாட் பழைய மின்விசிறி ஐந்து நாளுக்கு மேல் இடைவிடாமல் சுற்றுவதற்குச் சமம். யூனிட் கால் பவுண்டு என்று வைத்தாலும் வருஷத்துக்கு இரண்டரைப் பவுண்டுக்குள். இதை மிச்சம் பிடிக்க வேலை செய்கிற வால்வைக் கழற்றி எறிவது புத்திசாலித்தனம் இல்லை. குறைந்த மின்சார வால்வின் பயன் வேறு: மோட்டார் மணிக்கணக்கில் சூடேறி நிற்காததால் அது நீடித்து உழைக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் பல வால்வுகளைக் கோப்பார்கள். அங்கே வால்வுக்கு வால்வு வாட் குறைந்தால் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் கூடுதல் வால்வுகளைத் தாங்கும்.

இரண்டாவது வகை, திறக்கவும் மூடவும் இரண்டுக்கும் மோட்டாரையே நம்பும் பந்து வால்வு. துளையிட்ட ஒரு பந்து உள்ளே கால் சுற்று திரும்பும். திரும்பும் நேரத்துக்கு மட்டும் மின்சாரம். நின்ற இடத்தில் நிற்க ஏறக்குறைய எதுவும் வேண்டாம். ஸ்பிரிங் அறைந்து மூடாததால் ‘டக்’கும் இல்லை, குழாய் அதிர்வும் இல்லை. கரண்டு போனால் திறந்தது திறந்தபடியே நின்றுவிடும் என்பது இதன் குறை. அதற்காகச் சில மாதிரிகளில் ஒரு கெபாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் சேர்த்து வைத்து, கரண்டு போனதும் அதைக்கொண்டு மூடிக்கொள்ளும்படி செய்கிறார்கள்.

மூன்றாவதில் மோட்டாரே கிடையாது. தலைக்குள் ஒரு மெழுகுக் குப்பி. மின்சாரம் அதைச் சூடாக்க, மெழுகு விரிந்து வால்வின் தண்டை நகர்த்தும். தரைக்கடியில் குழாய் ஓடும் வீடுகளில் ஐரோப்பா முழுக்க இதுதான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்று அல்லது இரண்டு வாட் போதும், சத்தம் துளியும் இல்லை. திறக்க மூன்று முதல் ஐந்து நிமிஷம் பிடிக்கும். அறை சூடாக அரை மணி ஆகும் இடத்தில் ஐந்து நிமிஷம் ஒரு பொருட்டா? இதுவும் திறந்திருக்கும்வரை மின்சாரம் எடுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய அமெரிக்க மெழுகு வால்வுகள் இருபது வாட்டுக்கு மேல் விழுங்கின. ‘மெழுகு’ என்ற பெயரைப் பார்த்தே சிக்கனம் என்று முடிவு கட்டக்கூடாது.

படுக்கையறைக்கு நான் சொல்வது இந்த மூன்றும் இல்லை. ரேடியேட்டரின் ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட ஒரு குமிழ் இருக்குமே, அதற்கு மின்சாரமே வேண்டாம். உள்ளே மெழுகோ திரவமோ அறையின் சூட்டுக்கு ஏற்ப விரிந்து சுருங்கி, தண்ணீரைக் கூட்டும் குறைக்கும். டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மட்ஸ் கிளவுசன் 1943-ல் கண்டுபிடித்தது. அதன் இடத்தில் இப்போது பேட்டரி போட்ட ‘ஸ்மார்ட்’ தலைகளை விற்கிறார்கள். மின்சாரம் குறைவுதான், ஆனால் ராத்திரி காதுக்கு ஓரடி தூரத்தில் ‘உய்ங்’ என்று திருகிக்கொள்ளும் மோட்டாரைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

வால்வை மாற்றியும் சத்தம் போகவில்லை என்பவர்கள் உண்டு. பல வீடுகளில் கத்துவது வால்வு இல்லை, தண்ணீர். வால்வின் உடம்பில் ஓர் அம்பு பொறித்திருக்கும். தண்ணீர் அந்தத் திசையில்தான் போக வேண்டும். திருப்பிப் பொருத்தினால் மூடும்போது நீரோட்டமே கதவைப் பிடித்து இழுத்து அறையும். ஒவ்வொரு வழியாக மூடிக்கொண்டு வரும்போது, பம்பின் அழுத்தம் முழுதும் மிச்சமிருக்கும் ஒரே வழியில் போய் மோதிச் சீறும். உபரி நீர் கலங்கல் வழியாகப் போவதுபோல் இதற்கும் ஒரு பைபாஸ் வால்வு வேண்டும், அல்லது தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பம்பு வேண்டும். குழாயைப் பலகைச் சுவரில் இறுக்கி அடித்திருந்தால் அந்தச் சுவரே வீணைக் குடம்போல் சத்தத்தைப் பெருக்கும். நடுவே ஒரு ரப்பர் பட்டை போட்டாலே பாதி அடங்கும்.

ஓர் எச்சரிக்கை. குடிநீர்க் குழாயின் அழுத்தத்திலேயே இயங்கும் மூடிய வெந்நீர்ச் சிலிண்டர் இருந்தால், அந்த வழியில் ஸ்பிரிங் வால்வைத்தான் வைக்க வேண்டும். சூடு எல்லை மீறினால் பாதுகாப்புச் சாதனம் மின்சாரத்தை வெட்டும். உடனே வால்வு தானாக மூடியாக வேண்டும். நின்ற இடத்தில் நிற்கும் பந்து வால்வு அங்கே ஆபத்து. அங்கே ‘டக்’கைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இந்த வால்வுகளுக்கு 230 வோல்ட் வருகிறது. கைவேலையில் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது மோட்டார் இருக்கும் தலை தனியாகக் கழலும் மாதிரியா என்று கேளுங்கள். மோட்டார் போனால் வீட்டுக் குழாய்த் தண்ணீர் முழுதையும் வடிக்காமல் தலையை மட்டும் மாற்றிவிடலாம். பாய்லருக்குச் சேதி சொல்லும் சுவிட்சு புதியதிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் வால்வு அமைதியாகத் திறக்கும், வீடு அமைதியாகக் குளிரும்.

மகள் வீட்டில் சிலிண்டர் வழியின் வால்வை அப்படியே விட்டார்கள். அறைகளுக்குப் போகும் வழியில் மட்டும் பந்து வால்வு வந்தது. அதை மாற்ற, வால்வும் சிலிண்டரும் இருந்த அலமாரியைக் காலி செய்தபோதுதான் பார்த்தேன்: சிலிண்டருக்கு மேல்தட்டில், கதகதப்பாக இருக்கட்டும் என்று மகள் தன் கல்யாணப் பட்டுப் புடவையை மடித்து வைத்திருந்தாள். பட்டு என்பது ஈரத்தையும் சேர்த்துத்தான் பட்டு. முழுதும் காய்ந்த நூலின் எடைக்கு நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரம் என்று வைத்துத்தான் வணிகக் கணக்கு. வருஷக்கணக்கில் காய்ந்த சூட்டில் கிடந்தால் மடிப்பில் முறியும். வால்வு மாற்றி முடிப்பதற்குள் புடவை மரப்பெட்டிக்குள் போய்விட்டது.