வீட்டுத் தொலைபேசி வாடகை கூடினால் யார் கேட்பது?

லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளை 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. சிராங்கூன் சாலை வட்டாரத்துப் பொதுத் தொலைபேசிகளுக்கு முன்னால் நம் ஊழியர்கள் வரிசை பிடித்து நிற்பார்கள். கையில் தொலைபேசி அட்டை இருக்கும். பேச்சு ஊரில் இருக்கும் மனைவியோடு, கவனமோ அட்டையில் மிச்சமிருக்கும் காசின் மேல்.

இன்று அதே வட்டாரத்தில் நடைபாதை ஓரம் அமர்ந்திருக்கும் ஊழியர், கைத்தொலைபேசித் திரையில் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி மணிக்கணக்கில் பேசுகிறார். நிமிடத்திற்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது தேக்கா சந்தையை ஒட்டிய வீவக அடுக்குமாடி ஒன்றில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். கூடத்து மூலையில் பழைய தொலைபேசி. அதில் அவர் வாரத்திற்கு நான்கைந்து முறை பேசினாலே அதிகம். ஆனாலும் மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறார். ஊருக்குப் பேசும் செலவு இவ்வளவு இறங்கிவிட்டதே, வீட்டில் சும்மா இருக்கும் கம்பிக்கு மட்டும் ஏன் கட்டணம் இறங்குவதில்லை? சில நாடுகளில் அது ஏறிக்கொண்டே போனது எப்படி? ஏறினால் அரசாங்க ஆணையம் தலையிட வேண்டுமா?

வாடகையில் அடங்கியிருப்பது என்ன?

தொலைபேசிச் செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அழைப்புக் கட்டணம். பேசினால் கொடுக்கிறோம், பேசாவிட்டால் இல்லை. மற்றொன்று வாடகை, அதாவது மாதச் சந்தா. இணைப்பகத்திலிருந்து நம் வீட்டுச் சுவர் வரைக்கும் கம்பியைப் பதித்து, பழுது பார்த்து, எந்நேரமும் தயாராக வைத்திருப்பதற்கான விலை அது. நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் அந்தச் செலவு நிறுவனத்திற்கு உண்டு.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் வாடகையைக் கட்டிவிட்டால் போதும், உள்ளூர் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. 1991ஆம் ஆண்டின் இறுதியில்தான் நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கும் முறை வந்தது.

பில்லைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1994இல் பொருள் சேவை வரி அறிமுகமானபோது அது 3 விழுக்காடு. 2024 முதல் 9 விழுக்காடு. பத்து வெள்ளிக் கட்டணத்திற்கு அப்போது 30 காசு வரி, இப்போது 90 காசு. வாடகையே மாறாவிட்டாலும் பில்லின் கடைசி வரி மாறும். தொலைபேசி நிறுவனத்தைக் குறைசொல்லும் முன் இதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

போட்டி வந்தது, ஆனால் கம்பி ஒன்றுதான்

1992 ஏப்ரலில் ஆணைபெற்ற கழகம் என்ற நிலையிலிருந்து சிங்டெல் நிறுவனமாக மாறியது. 1993இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது குடிமக்களுக்குச் சலுகை விலையில் பங்குகள் கிடைத்தன. ஆகவே நம்மில் பலர் ஒரே சமயத்தில் வாடிக்கையாளர்களாகவும் பங்குதாரர்களாகவும் ஆனோம். வாடகை குறைய வேண்டும் என்று ஒரு மனம் சொல்லும், லாப ஈவு கூட வேண்டும் என்று மறு மனம் சொல்லும்.

அந்நிறுவனத்திற்கு 2007 வரை தனியுரிமை தரப்பட்டிருந்தது. அரசாங்கம் 1.5 பில்லியன் வெள்ளி இழப்பீடு கொடுத்து அதை 2000ஆம் ஆண்டுக்கு முன்னே கொண்டுவந்தது. 1997இல் எம்1 கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 2000 ஏப்ரல் 1ஆம் தேதி தொலைத்தொடர்புச் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அதே மாதம் ஸ்டார்ஹப் களமிறங்கியது.

இதன் பலனை உடனே உணர்ந்தது லிட்டில் இந்தியாதான் எனலாம். வெளிநாட்டு அழைப்புக் கட்டணங்கள் சரிந்தன. அதற்கு எந்த ஆணையமும் விலை நிர்ணயிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கடையில் அட்டை விலை கூடுதல் என்றால் ஊழியர் பக்கத்துக் கடைக்குப் போனார். அந்த நடையே விலையை இறக்கியது.

வீட்டுக் கம்பிக்கு அப்படி ஒரு பக்கத்துக் கடை இல்லை. ஒரே மாடிப்படியில் ஐந்து நிறுவனங்கள் ஐந்து கம்பிகளை இழுப்பது பணவிரயம். யாரிடம் கம்பி ஏற்கெனவே இருக்கிறதோ அவரிடமே வாடிக்கையாளர் தங்கிவிடுகிறார். இந்தக் காரணத்தால்தான் 2000 செப்டம்பரில் நடப்புக்கு வந்த தொலைத்தொடர்புப் போட்டி விதித்தொகுப்பு, ஆதிக்கம் மிக்க நிறுவனங்களை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தியது. அத்தகைய நிறுவனம் கட்டணத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. முன்கூட்டியே ஆணையத்திடம் தாக்கல் செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். நியாயமாகக் கேட்கும் எவருக்கும் சேவை தர மறுக்கவும் கூடாது.

பிரிட்டன் கற்ற பாடம்

ஆணையம் முழுமையாக ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காம், பிடி நிறுவனத்தின் சில்லறைக் கட்டணங்கள்மீது இருந்த கட்டுப்பாட்டை 2006இல் விலக்கியது. போட்டி வந்துவிட்டது, இனி சந்தையே பார்த்துக்கொள்ளும் என்பது வாதம்.

அடுத்த பத்தாண்டில் வாடகை படிப்படியாக ஏறி மாதம் 18.99 பவுண்டை எட்டியது. அதே காலத்தில் அந்தக் கம்பிக்கான மொத்த விற்பனைச் செலவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. செலவு குறையக் குறைய விலை ஏறியது என்றால், போட்டி எங்கே போனது?

போட்டி இருந்தது. ஆனால் அது அகண்ட அலைவரிசை இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும் குடும்பங்களைப் பிடிப்பதற்கான போட்டி. தொலைபேசி மட்டும் வைத்திருந்தவர்களுக்காக எந்த நிறுவனமும் மல்லுக்கட்டவில்லை. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் வாழ்நாளில் ஒருமுறைகூட நிறுவனத்தை மாற்றியதில்லை. மாற மாட்டார்கள் என்று தெரிந்த வாடிக்கையாளருக்கு யார் விலையைக் குறைப்பார்கள்?

2017இல் ஆஃப்காம் தலையிட்டது. கட்டுப்பாடு விதிக்கப் போவதாக அறிவித்ததும், மாதம் 7 பவுண்டு குறைக்க பிடி ஒப்புக்கொண்டது. 2018 ஏப்ரல் முதல் தொலைபேசி மட்டும் வைத்திருப்போருக்கு வாடகை 11.99 பவுண்டு ஆனது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பலன் பெற்றனர்.

கதை அத்துடன் முடியவில்லை. அதற்கு முன் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் சார்பில் வழக்கு தொடுக்கப்பட்டது. 2024 டிசம்பரில் போட்டித்துறை மேல்முறையீட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. விலை மிகையானதுதான், ஆனால் சட்டப்படி நியாயமற்றது என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். நீதிமன்றம் போய்ப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். உரிய நேரத்தில் ஆணையம் விழித்திருப்பதே பாதுகாப்பு.

தலையிட்டால் விலை குறைந்தே தீருமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 1997இல் அமைந்தது. 1999இல் அது பிறப்பித்த கட்டண ஆணை எஸ்டிடி அழைப்புக் கட்டணங்களைக் குறைத்தது, வாடகையையோ படிப்படியாக உயர்த்தியது. அதுவரை தொலைதூரம் பேசுவோரிடம் அதிகம் வாங்கி வாடகையைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். இரவுச் சலுகை நேரத்துக்காக எஸ்டிடி பூத் வாசலில் காத்திருந்தவர்கள், வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர்களின் செலவில் ஒரு பகுதியைச் சுமந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

வாடகையை ஆணை போட்டு மிகத் தாழ்வாக வைத்தால் அந்தச் செலவு வேறொருவர் தலையில் விழும், அல்லது பராமரிப்பு குறையும். நிறுவனங்கள் விலைக் கட்டுப்பாட்டை எதிர்ப்பதற்குச் சொல்லும் காரணமும் இதுவே. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

சிங்கப்பூர் எடுத்த வழி

சிங்கப்பூர் பில்லில் கைவைப்பதைவிடக் கம்பியில் கைவைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. நாடு தழுவிய கண்ணாடி இழைக் கட்டமைப்பு, அதில் சேவை விற்கும் நிறுவனங்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டது. இன்று அது நெட்லிங்க் வசம் உள்ளது. 2017 ஜூலையில் நெட்லிங்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஆணையத்தின் நிபந்தனைப்படி சிங்டெல் தன் பங்கை 25 விழுக்காட்டிற்குக் கீழ் குறைத்துக்கொண்டது.

அந்த இழையைப் பயன்படுத்த ஒவ்வொரு வீட்டிற்கும் சேவை நிறுவனங்கள் நெட்லிங்க்கிற்குக் கொடுக்க வேண்டிய மாதக் கட்டணத்தைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமே நிர்ணயிக்கிறது. பதித்த சொத்தின் மதிப்பு, தேய்மானம், இயக்கச் செலவு, முதலீட்டுக்கு நியாயமான வருவாய் ஆகியவற்றைக் கூட்டி, இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 15 வெள்ளியாக இருந்த அந்தக் கட்டணம் 2018 ஜனவரியில் 13 வெள்ளி 80 காசாகவும், 2024 ஏப்ரலில் 13 வெள்ளி 50 காசாகவும் குறைந்தது. விலைவாசி ஏறிய காலத்தில் இது இறங்கியது.

ஆகவே "ஆணையம் தலையிட வேண்டுமா?" என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் ஏற்கெனவே பாதிப் பதில் சொல்லிவிட்டது. போட்டிக்கு இடமில்லாத கம்பியில் தலையிடு, போட்டி உள்ள சேவையில் விலகி நில் என்பதே அந்தப் பதில்.

மீதிப் பாதி

மொத்த விலை குறைந்தால் அந்தக் குறைவு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருமா? இணையத் திட்டம் வாங்கும் இளம் குடும்பத்திற்குச் சேரும். பல திட்டங்களில் வீட்டுத் தொலைபேசி இலவச இணைப்பாகவே வருகிறது. இணையம் வேண்டாம், தொலைபேசி மட்டும் போதும் என்று இருக்கும் நம் மூதாட்டிக்குச் சேருமா என்பதே கேள்வி. பிரிட்டனில் சேரவில்லை.

கைத்தொலைபேசி வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்வது எளிது. கண் மங்கியவருக்கும் விரல் நடுங்குபவருக்கும் கூடத்துத் தொலைபேசிதான் 995ஐ அழைக்கும் வழி. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வரும். கண்ணாடி இழைவழித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும், மின்தடையில் அது வேலை செய்யாது.

ஆகவே எல்லோருக்கும் ஒரே உச்ச விலை என்று நிர்ணயிக்கத் தேவையில்லை. மாறிப்போக வழியில்லாதவர்கள் யார், அவர்கள் கட்டும் வாடகை செலவோடு ஒத்துப்போகிறதா என்று ஆணையம் குறிப்பிட்ட காலத்திற்கொருமுறை பார்க்க வேண்டும். இரண்டும் விலகிப்போகும்போது அந்தப் பிரிவினருக்கு மட்டும் தலையிட வேண்டும். அதனால் முதலீடு கெடாது, முதியவரும் ஏமாற மாட்டார்.

அதுவரை பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை பெற்றோர் வீட்டுக்குச் செல்லும்போது தொலைபேசி பில்லை வாங்கிப் பாருங்கள். வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு, கேட்காமலே சேர்ந்த கூடுதல் சேவைகள் உண்டா என்று பாருங்கள். நிறுவனத்தை அழைத்து, இதைவிடக் குறைந்த திட்டம் இருக்கிறதா என்று அவர்கள் சார்பில் கேளுங்கள். இணைப்பை ரத்து செய்வதென்றால், அவசரத்திற்கு அவர்கள் எதை எடுத்துப் பேசுவார்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு ரத்து செய்யுங்கள்.