பிள்ளை ஜீவனாம்சம்: சம்பளம் குறைந்தால் தொகையும் குறையுமா?

எர்ணாகுளம்: மட்டாஞ்சேரி கிடங்குகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு எல்லா மாதமும் ஒரே கூலி கிடைப்பதில்லை. ஊரில் தாயிடம் வளரும் பிள்ளைக்கோ சோறும் பள்ளிச் செலவும் மாதந்தோறும் உண்டு. கோர்ட்டு ஜீவனாம்சம் விதித்த பிறகு தகப்பனாரின் வருமானம் குறைந்தால், தொகையும் தானே குறைந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு.

பாக்கி சேரும் விதம்

உதாரணமாக, மாதம் 5,000 ரூபாய் கட்ட உத்தரவு. வேலை குறைந்ததால் ஒருவர் 3,000 ரூபாயே அனுப்புகிறார். ஓராண்டில் பாக்கி 24,000 ரூபாய். தகுந்த காரணமின்றிக் கட்டத் தவறினால் வாரண்டு பிறக்கும். அதன் பிறகும் கட்டாவிட்டால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைவாசம் விதிக்கலாம். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது. திருநெல்வேலி கோர்ட்டின் உத்தரவை, தகப்பனார் இருக்கும் எர்ணாகுளத்திலும் நிறைவேற்றலாம்.

வழி என்ன?

வருமானம் மாறியதும் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. பழைய சட்டத்தில் இது 127-வது பிரிவு. வேலை போனதற்கோ நோய்க்கோ சான்று காட்டினால் தொகையைக் குறைக்கலாம். தகப்பனாரின் சம்பளம் உயர்ந்தாலும், பிள்ளையின் செலவு கூடினாலும், கூடுதல் கேட்டுத் தாயும் மனுச் செய்யலாம். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் உத்தரவிட்டது.

கணக்கு எப்படி?

இத்தனை சம்பளத்துக்கு இத்தனை ரூபாய் என்ற அட்டவணை சட்டத்தில் இல்லை. மேற்கு வங்க வழக்கு ஒன்றில், கணவரின் சம்பளம் உயர்ந்ததால் மனைவி, மகனுக்கான தொகையை ஐகோர்ட்டு 16,000-லிருந்து 23,000 ரூபாயாக உயர்த்தியது. அவர் மறுமணம் செய்து இன்னொரு குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்ததைக் கருதி, சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் அதை 20,000 ரூபாயாக்கியது. ஆனால் உடலில் வலுவுள்ளவர் 'வருமானமே இல்லை' என்று தப்ப முடியாது. கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று அதே கோர்ட்டு 2022-ல் கூறியது.

பாக்கியை வசூலிக்க, அது சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தாய் மனுச் செய்ய வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ஏழைத் தொழிலாளியும் இந்த உதவியைக் கேட்கலாம். வேலை குறைந்த மாதமே மனுப் போட்டால் பாக்கி மலைபோல் சேராது.