ஆயுளைக் குறைத்தது யார்?

"அவன் ஆயுள் அவ்வளவுதான்!" என்பார்கள். "பிறவிக் குறை, டாக்டர் என்ன செய்வார்?" என்பார்கள். அறிவுசார் குறைபாட்டுடன் பிறந்த பிள்ளை இளமையிலேயே இறந்துவிட்டால் ஊரார் சொல்லும் ஆறுதல் இது. இந்த ஆறுதலுக்குள் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது என்கிறோம் நாம். ஆதாரம் வேண்டுமா? இங்கிலாந்தைப் பாருங்கள், தோழர்களே!

ஏன் இங்கிலாந்து? சுரங்கத் தொழிலாளியாக இருந்து மந்திரியான அனூரின் பெவன், 1948 ஜூலை 5ல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்த நாடு அது. கோமானும் கூலிக்காரனும் காசில்லாமல் வைத்தியம் பெறலாம் என்று சட்டம் செய்த நாடு. பணம் என்ற தடைச்சுவர் இடிந்த இடத்திலும் இவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்றால், காரணம் வேறு இருக்க வேண்டுமல்லவா?

அதைக் கேட்டுக் கிளம்பியவர்கள் அதிகாரிகள் அல்லர், பெற்றோர்கள். 1946ல் ஜூடி ஃப்ரைட் என்ற தாய் தொடங்கிய சங்கம் இன்று 'மென்காப்' என்ற பெயரில் இயங்குகிறது. சுகாதாரச் சேவையின் பொறுப்பில் இருந்தபோது இறந்துபோன ஆறு பேரின் கதையை 2007ல் அது வெளியிட்டது. வைத்த தலைப்பு, 'அலட்சியத்தால் மரணம்'.

கேள்வி எழுந்தது. விசாரணை வந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் தென்மேற்கு இங்கிலாந்தில் 247 மரணங்களை ஆராய்ந்து 2013ல் அறிக்கை தந்தார்கள். பொதுமக்களைவிட இவர்களில் ஆண்கள் 13 ஆண்டுகள், பெண்கள் 20 ஆண்டுகள் முன்னதாக இறந்திருந்தார்கள். நல்ல வைத்தியத்தால் தடுத்திருக்கக் கூடிய மரணங்கள் பொதுமக்களில் நூற்றுக்கு 13. இவர்களில் 37!

விதியா இது? இல்லை. நடப்பது இதுதான். வலியைச் சொல்லத் தெரியாதவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். பல்வலியா, காதில் சீழா, மலச்சிக்கலா என்று பார்க்க வேண்டியவர், "இவர்கள் இப்படித்தான்" என்று அனுப்பிவிடுகிறார். குறைபாட்டின் நிழலில் நோய் மறைந்துகொள்கிறது. "என் பிள்ளை வழக்கமாக இப்படி இருக்கமாட்டானே!" என்று தாய் கதறினாலும் கேட்பாரில்லை. கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துவிடுகிறது.

இத்தகைய மரணங்களைத் தொடர்ந்து ஆராயும் ஏற்பாடு 2015ல் தொடங்கியது. அதன் 2019 அறிக்கை ஒரு கொடுமையை அம்பலப்படுத்திற்று. இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற உத்தரவுக்கு, அறிவுசார் குறைபாட்டையே காரணமாகச் சிலருக்கு எழுதியிருந்தார்கள்! நோயை அல்ல, மனிதனையே நம்பிக்கையற்றவன் என்று தீர்ப்பெழுதிய பேனா அது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. இவர்களுக்கேற்பச் சேவையை மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். கூடுதல் நேரம் கொடு, எளிய சொல்லில் பேசு, பழகிய ஒருவரை உடனிருக்க விடு என்பதே அதன் பொருள். 14 வயது முதல் ஆண்டுக்கொரு உடல் பரிசோதனையும் உண்டு. 2016ல், வேண்டாமென்று சொல்லியும் கொடுக்கப்பட்ட மருந்துக்குப்பின் 18 வயது ஆலிவர் மெக்கோவன் இறந்தான். சுகாதார ஊழியர்க்குப் பயிற்சியை 2022ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிற்று. அரசின் பயிற்சி அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும், 2021ல் இறந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் 65 வயதை எட்டவில்லை. பொதுமக்களில் அப்படி இறப்பவர் பத்துக்கு ஒருவரே. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, கட்டிலருகே வர வேண்டும்!

ஒன்றை மறவாதீர், தோழர்களே. அங்கே பெற்றோர் போராடினார்கள், அதனால் சாவை எண்ணினார்கள். எண்ணியதால்தான் 'விதி' என்ற பொய் உடைந்தது. எண்ணப்படாத சாவுக்கு நியாயம் கேட்க நாதியில்லை. எண்ணு என்று கேட்பதே முதல் போராட்டம்!